எடைக் கொக்கி

மூன்று வாரம் என்று சொல்லி
வேலூர் ஆஸ்பத்திரி ஜீப் இருவரை இறக்கிவிட்டுப் போனது.
மே மாசம். கணியம்பாடி ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.
மாகுல், நர்சு.
ரொஷனா, பள்ளிக்கூடம் இல்லாத ஊரில்
தன் வீட்டு அறையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பவள்.
காபூலா என்றேன்.
இல்லை, அங்கிருந்து இரண்டு நாள்,
அதில் ஒரு நாள் கழுதை மேல்.

என் இந்தி "பானி"யோடு தீர்ந்துவிடும்.
அதனால் முபீனா வந்தாள்,
பீடி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
அவர்கள் பேச்சில் பாதி அவளுக்குப் புரிந்தது,
அவள் சொன்னதில் பாதி எனக்கு.
மிஞ்சிய கால்வாசியோடு
தெருத்தெருவாகப் போனோம்.

எங்கள் ஊர்ச் சொலவடையைச் சொன்னேன்:
தண்ணியில்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் (சாமி திரும்பி வந்து நாளாச்சு),
அழகில்லாத பொம்பளை.
கடைசியை முபீனா மொழிபெயர்க்கவில்லை.
பாலாற்று மணலை வெகுநேரம் பார்த்த மாகுல் சொன்னாள்:
"எங்க ஊர்ல தண்ணி ஓடுது.
அதைக் குடிச்சுத்தான் பிள்ளைங்க போகுது."

சர்க்கரை ஒரு பிடி, உப்பு மூவிரல் சிட்டிகை.
கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடு.
இதற்கு மட்டும்
முபீனா வாய் திறக்கும் முன்பே தலையாட்டினார்கள்.

காலனியில் தேன்மொழி வீட்டு நிலைப்படியில்
கொக்கி மாட்டி, தராசில் அவள் மகனைத் தொங்கவிட்டேன்.
கத்தினான். முள் ஆடி நின்றது:
ஆறு கிலோ இருநூறு.
அட்டையில் புள்ளி வைத்தேன்.
தேன்மொழிக்குத் தன் பேரை எழுத வராது.
ஆனால் கோட்டின் மேல் விரலை ஓட்டிவந்து
"இன்னாக்கா, எறங்கிக்கினு கீது" என்றாள்.
ரொஷனா குழந்தையைப் பார்க்கவில்லை.
அந்த விரலைத்தான் பார்த்தாள்.
திரும்பச் செய்யச் சொன்னாள், இன்னொரு முறையும்.
அன்று ராத்திரி என்னிடம் கேட்டது
நாற்பது வெற்று அட்டை.

கொடுத்தேன்.
மேற்பார்வை மேடத்திடம்
கரையான் அரித்துவிட்டது என்றேன்.

பிறகு அங்கே என்னென்னவோ ஆனது.
டீக்கடை டிவியில் விமானத்தின் பின்னால் ஆட்கள் ஓடினார்கள்.
பெரிய பெண்களுக்குப் பள்ளி இல்லை என்றார்கள்.
ஒரு வருசம் சத்தமே இல்லை.
அப்புறம் முபீனாவின் போனுக்குக் குரல் வந்தது,
ரொஷனாவுடையது, மெதுவாக,
பின்னால் ஏதோ கொதிக்கும் சத்தத்தோடு.

உத்தரத்தில் தராசு தொங்குகிறதாம்.
யார் வந்து பார்த்தாலும்
பொம்பளைகள் கைக்குழந்தைக்கு எடை போடுகிறார்கள்.
பெண்பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டை.
அடியில் மாசம், ஓரத்தில் கிலோ,
மேலே அம்மா பேர், அப்பா பேர், ஊர்.
எழுத்தும் அதில்தான், கூட்டல் கழித்தலும் அதில்தான்,
புள்ளியையும் புள்ளியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதும்.
உள்ளறையில் மாகுல் நிஜமாகவே பிரசவம் பார்க்கிறாள்.

ஒரு சிக்கல்: எப்போதும் குழந்தை கிடைப்பதில்லை.
அடுத்த வீட்டில் கடன் வாங்குகிறார்கள்.
கதவு தட்டினால் ஏற்று, போனால் இறக்கு.
ஒரே நாளில் நாலு முறை தொங்கி
இப்போது அது அழுவதேயில்லையாம், சிரிக்கிறதாம்.
சொல்லும்போது ரொஷனாவும் சிரித்தாள்.
முபீனா பீடி சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

எடைகளை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.
ஒரு அட்டை எடுத்துப் புள்ளி வைத்தேன்.
ஏறுகிறது. கொஞ்சம் படுத்து, திரும்ப ஏறுகிறது.
தாய் பேர் தெரியாது. வீட்டு எண் போடவில்லை.

இந்த மாசம் மேடம் கட்டை எண்ணினார்.
"போன தடவ நாப்பது குறைஞ்சது.
இப்ப ஒண்ணு ஜாஸ்தி.
இது எந்தத் தெரு?"

கடைசித் தெரு மேடம் என்றேன்.
ஒன்பதாம் மாசப் புள்ளி எங்கே என்றார்.

இன்னும் வரலை.